வாட்ஸ் கூடினால் சத்தம் கூடிவிடுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சீக்கிரமே ஆசைப்படுவது, அதிலுள்ள பாடல்களை வீட்டு ஸ்டீரியோவில் கேட்பதற்குத்தான். ஹெட்போன் ஜாக்கிலிருந்து ஆம்ப்ளிபயருக்கு ஒரு வயர் போட்டால் போதும், பாட்டு கேட்கும். சத்தம் போதவில்லை என்றால்? "50 வாட்ஸ் பத்தாது, 100 வாட்ஸ் வாங்குங்கள்" என்று யாராவது சொல்வார்கள். இப்படி வாங்குவது பல வீடுகளில் வீண் செலவு என்பதே என் கருத்து.

ஸ்டீரியோவில் இரண்டு பகுதிகள் உண்டு. ப்ரீ ஆம்ப்ளிபயர், வரும் சிக்னலைத் தேர்ந்தெடுத்து, வால்யூமைச் சரி செய்து அனுப்புகிறது. பவர் ஆம்ப்ளிபயர், அந்த சிக்னலைக் குறிப்பிட்ட மடங்கு பெருக்கி ஸ்பீக்கரை இயக்குகிறது. சாதாரண வீட்டு செட்டில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். தனி பவர் ஆம்ப்ளிபயரில் கம்ப்யூட்டரை நேரடியாக இணைத்தால், கம்ப்யூட்டரே ப்ரீ ஆம்ப்ளிபயர் ஆகிவிடுகிறது.

இப்போது சிறு கணக்கு. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, ஸ்பீக்கரின் ஓம் அளவால் வகுத்தால் வாட்ஸ் கிடைக்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட்ஸ் தர 20 வோல்ட் வேண்டும். உங்கள் ஆம்ப்ளிபயர் 20 மடங்கு பெருக்கும் என்றால், உள்ளே 1 வோல்ட் வர வேண்டும். லேப்டாப் 0.5 வோல்ட்தான் தருகிறது என்று வையுங்கள். ஸ்பீக்கருக்குப் போவது 10 வோல்ட். அதாவது வெறும் 12.5 வாட்ஸ். அதே 20 மடங்கு பெருக்கும் 100 வாட்ஸ் ஆம்ப்ளிபயரை வாங்கி வைத்தாலும் கிடைப்பது அதே 12.5 வாட்ஸ்தான்! முழு 100 வாட்ஸ் கிடைத்தாலும், 50 வாட்ஸைவிட 3 டெசிபல்தான் அதிகம். சத்தம் இரு மடங்கானது போலக் காதுக்குத் தோன்ற, ஏறக்குறைய 10 மடங்கு வாட்ஸ் தேவை.

எனவே ஆம்ப்ளிபயரின் கையேட்டில் வாட்ஸுடன் 'இன்புட் சென்சிடிவிட்டி' என்ற எண்ணையும் பாருங்கள். முழு சக்தியைத் தர எத்தனை வோல்ட் உள்ளே வர வேண்டும் என்பதை அது சொல்லும். சிக்னல் குறைவாக இருந்தால், 2 வோல்ட் தரும் யு.எஸ்.பி. டி.ஏ.சி. ஒன்றை வாங்குவது மலிவான தீர்வு. ஆனால் 1 வோல்ட் போதுமான ஆம்ப்ளிபயருக்கு 2 வோல்ட்டையும் முழுதாகக் கொடுத்தால் ஒலி சிதையும், ட்வீட்டர் எரிந்துபோகலாம்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. ஆண்டுதோறும் ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை நடக்கும் பனிமய மாதா திருவிழா போன்ற கூட்டங்களில் மைக் செட் வேலையைக் கவனியுங்கள். அனுபவமுள்ளவர் மிக்ஸரில் லெவலைச் சரி செய்த பிறகே ஆம்ப்ளிபயரைக் கூட்டுவார். அங்கே மிக்ஸர்தான் ப்ரீ ஆம்ப்ளிபயர்.

உப்புக் காற்று வீசும் கடற்கரை ஊர்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வயரின் பின்களில் பச்சை பிடித்தால் கரகரப்பு வரும். ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடும். மின் இணைப்பை எடுத்துவிட்டு, கான்டாக்ட் கிளீனரால் துடைத்துப் பாருங்கள்.

இணைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. வயரை 'ஆக்ஸ்' அல்லது 'சி.டி.' சாக்கெட்டில் செருகவும். 'போனோ' சாக்கெட் இசைத்தட்டு பிளேயருக்கானது. சில மில்லிவோல்ட் சிக்னலுக்காக அமைந்த அதில் கம்ப்யூட்டரை இணைத்தால் ஒலி சிதைந்து அலறும்.

2. ஆம்ப்ளிபயரின் வால்யூமை முழுதும் குறைக்கவும். கம்ப்யூட்டரிலும் பிளேயரிலும் வால்யூமை ஏறக்குறைய முழு அளவில் வைத்து, பிறகு ஆம்ப்ளிபயரை மெல்லக் கூட்டவும்.

3. வால்யூம் திருகு இல்லாத பவர் ஆம்ப்ளிபயர் என்றால் இதைச் செய்யாதீர்கள். விண்டோஸின் ஒரு 'டிங்' ஒலியே முழு சக்தியில் பாயும். நடுவில் வால்யூம் கண்ட்ரோல் உள்ள ப்ரீ ஆம்ப்ளிபயர் அவசியம்.

4. ஆம்ப்ளிபயரின் இன்புட் இம்பீடன்ஸ், சிக்னல் தரும் சாதனத்தின் அவுட்புட் இம்பீடன்ஸைவிட 10 மடங்காவது இருக்க வேண்டும். லேப்டாப்பில் இது பொதுவாகப் பிரச்னை ஆகாது. பழைய வால்வு ப்ரீ ஆம்ப்ளிபயரில் ஆகலாம்.

கடைக்குப் போகும் முன் இரண்டு எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: உங்கள் சாதனம் எத்தனை வோல்ட் தருகிறது, உங்கள் ஆம்ப்ளிபயருக்கு எத்தனை வோல்ட் வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால், பணத்தைப் பத்திரமாக வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.