வாயுவா குற்றவாளி?

“விஷவாயு தாக்கித் தொழிலாளர் பலி!” ஏடுகளிலே இந்தத் தலைப்பைக் காணாத தமிழர் உண்டா? காலையில் காண்கிறோம். ‘ஐயோ, பாவம்’ என்கிறோம். காப்பி ஆறிவிடுமே என்ற கவலையுடன் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். திங்கள் சில செல்கின்றன. ஊர் வேறு, ஆள் வேறு. தலைப்பு மட்டும் அதே தலைப்பு!

அந்தத் தலைப்பின் இலக்கணத்தைச் சற்று ஆராய்வோம். தாக்கியது எது? விஷவாயு. மாண்டவர் யார்? தொழிலாளர். சரி, அவரைக் குழிக்குள் இறக்கியவர் எங்கே? வாக்கியத்திலே அவருக்கு இடமே இல்லை! ஒப்பந்தக்காரர் ஒளிந்துகொண்டார், வீட்டுக்காரர் விலகிக்கொண்டார், அதிகாரி அகன்றுவிட்டார். அகப்பட்டுக்கொண்டது வாயு ஒன்றுதான். வாயுவுக்கு விலங்கு பூட்ட முடியுமா? கூண்டிலே நிறுத்த முடியுமா? முடியாது, ஆகவேதான் அதனைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறார்கள்!

வாயு என்ன, புதரிலே பதுங்கியிருந்து வழிப்போக்கர்மீது பாயும் வேங்கையா? மலமும் கழிவும் காற்றோட்டமின்றி அடைபட்டு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது, மீத்தேன் உண்டாகிறது. முன்னது சிறிதளவு இருந்தால் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு மிகுந்துவிட்டாலோ, மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். ‘நாற்றம் குறைந்துவிட்டது’ என்று இறங்கியவர் எண்ணும் அந்த வேளைதான் சாவு நெருங்கும் வேளை. சில மூச்சிலே மயக்கம். மயங்கி வீழ்வதோ கழிவு நீரிலே! மேலே நிற்கும் அண்ணனோ, மகனோ, உடன் வேலை செய்பவரோ பதறி இறங்குகிறார், அவரும் மீள்வதில்லை. ஒரே குழியிலிருந்து இரண்டு பிணம், மூன்று பிணம் எடுக்கப்படுவது இதனால்தான். இது எவருக்கும் தெரியாத மறைபொருள் அன்று. தெரிந்தே இறக்குகிறார்கள். தெரிந்தே செய்வதற்கு விபத்து என்றா பெயர்?

‘அவன் விதி, என்ன செய்வது’ என்பார் வைதிகர். விதிதான், நாம் மறுக்கவில்லை! ஆனால் அது பிரமன் தலையிலே எழுதியதன்று, அரசிதழிலே அச்சேறியது. 1993-இல் ஒரு சட்டம். அது போதாதென்று 2013-இல் மற்றொன்று. அதன் 7-ஆம் பிரிவு, பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆபத்தான முறையில் துப்புரவு செய்ய எவரையும் அமர்த்தக் கூடாது என்கிறது. மீறினால் முதன்முறை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தின்கீழ் வகுத்த விதிகளிலே 40-க்கும் மேற்பட்ட பாதுகாப்புப் பொருள்களின் பட்டியல் உண்டு. நம் தெருவிலே இறங்குகிறவர் உடலில் நாம் காண்பது என்ன? இடுப்பிலே ஒரு கயிறு. சில வேளை அதுவும் இல்லை.

2014-இல் உச்சநீதிமன்றம், 1993 முதல் இவ்வாறு மாண்டோர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 10 இலட்சம் ரூபாய் தர ஆணையிட்டது. 2023-இல் அது 30 இலட்சமாயிற்று. தொகை ஏறியது, இறங்கியவர் ஏறியபாடில்லை.

ஆள்வோர் என்ன செய்கிறார்கள்? அகராதி எழுதுகிறார்கள்! ‘கையால் மலம் அள்ளுவதால் இறந்தவர் எவருமில்லை’ என்று 2021-இல் மாநிலங்களவையிலே ஒன்றிய அமைச்சர் விடையளித்தார். அப்படியாயின் குழிகளிலே மாண்டவர்கள்? அது வேறு கணக்காம். ‘ஆபத்தான துப்புரவுப் பணி’ என்ற தலைப்பிலே அடங்குமாம். கையால் அள்ளினால் ஒரு பெயர், கழுத்தளவு மூழ்கி அள்ளினால் வேறு பெயர்! மேன்ஹோல் என்றால் ஆள் நுழையும் குழி. அந்தப் பெயரினால்தான் ஆள் நுழைகிறார் என்று கருதினர் போலும், 2020-இல் ‘எந்திரக்குழி’ எனப் பெயர் மாற்றம் அறிவித்தனர். அதன்பின் இறங்கியதெல்லாம் எந்திரமா?

டில்லியை இவ்வாறு சாடிவிட்டு, கைத்தட்டலுடன் மேடையை விட்டு இறங்கிவிடலாம், எளிது. ஆனால் தோழர்களே, 1993 முதல் எடுத்த கணக்கில் இத்தகைய சாவுகளிலே முதலிடம் பெற்ற மாநிலம் எது? தமிழ்நாடு! இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள்! சுயமரியாதைச் சங்கநாதம் எழுந்த மண்ணிலே! மாண்டோரில் மிகப் பலர் அருந்ததியர் என்பதை நாம் அறியோமா? வருணாசிரமத்தைக் கண்டித்து ஆயிரம் மேடை கண்டோம். அந்த வருணாசிரமம் நம் வீட்டுக் கொல்லையிலே, சிமெண்ட் மூடிக்குக் கீழே, குடியிருக்கிறதே! தொட்டி நிரம்பியதும் ‘ஆள் அனுப்புங்கள்’ என்று கூறுவோர் அக்கிரகாரத்தார் மட்டுந்தானா? பகுத்தறிவு நூல்களை அடுக்கி வைத்திருக்கும் வீட்டுக்கும் பின்புறம் உண்டு.

மூடியைத் திறந்து காட்டியது 2017-இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படம். அதன் திரையிடலைக் காவல்துறை தடுத்தது. இயக்கியவர்மீது வழக்குகள் பாய்ந்தன. குழியைக் காட்டியவரைத் தேடிப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, குழியிலே இறக்கியவரைக் கண்டுபிடிப்பது மட்டும் கடினமாகிவிடுகிறது!

‘எந்திரம் விலை மிகுதி, தெருவோ குறுகல்’ என்பர். திருவனந்தபுரத்து இளம் பொறியாளர்கள் செய்த ‘பேண்டிகூட்’ என்னும் எந்திரம் 2018-லேயே குழிக்குள் இறங்கிவிட்டது. 2023-இல் நிலவின் தென்துருவத்தருகே கலத்தை இறக்கிய நாட்டுக்குப் பத்தடிக் குழி எட்டாத தொலைவா? ‘அவர்களே விரும்பித்தானே வருகிறார்கள்’ என்று வேறு வாதிடுவர். பசி பிடித்துத் தள்ளுவதற்கு விருப்பம் என்று பெயரிடுவோரிடம் நீண்ட வாதம் வேண்டியதில்லை.

ஆகவே, இளைஞர்களே, இரங்கற் கூட்டம் பிறகு வைத்துக்கொள்வோம். நம் தெருவிலே மூடி திறக்கப்படும்போது, மூக்கைப் பொத்திக்கொண்டு விரைந்து செல்லாமல் அங்கேயே நிற்போம். ‘எந்திரம் எங்கே? இறக்கச் சொன்னவர் யார்?’ என்று கேட்போம். வீட்டிலே தந்தையார் சினந்தாலும், நம் தொட்டிக்கு ஆளை இறக்க ஒப்பமாட்டோம். அதையும் மீறி எங்கேனும் உயிர் போய்விட்டால், குடும்பத்தாருடன் காவல் நிலையம் செல்வோம். 2013-ஆம் ஆண்டுச் சட்டமும், 2015-இல் திருத்தப்பெற்ற வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நம் கையிலே இருக்கட்டும். எழுத்தர் வழக்கம்போல ‘விஷவாயு தாக்கி’ என்று எழுதத் தொடங்குவார். அந்த வரியை அடித்துவிட்டு, இறக்கியவரின் பெயரை எழுதச் சொல்லுவோம். எழுதி முடிக்கும்வரை அங்கிருந்து நகரமாட்டோம்.