பனி காணா மண்ணில் பனிப்பொம்மைக் கணக்கு

மார்கழி பிறந்துவிட்டால், தமிழகத்து ஆங்கிலவழி மழலைப்பள்ளிகள் பலவற்றின் சுவர்களில் பஞ்சினாலான பனிப்பொம்மைகள் முளைத்துவிடுகின்றன. கழுத்திலே கம்பளித் துண்டு, தலையிலே கருந்தொப்பி, மூக்கிற்கு ஒரு மஞ்சள் முள்ளங்கி! வயிற்றில் 5 என்று எழுதிய பொம்மைக்கு ஐந்து பொத்தான் ஒட்டவேண்டும். 7 என்று எழுதிய கையுறைக்கு ஏழு பனித்துகள் பொருத்தவேண்டும். 'சுனோமேன்', 'மிட்டன்' என்று மூன்றரை அகவைக் குழந்தை நாத்திருகிச் சொல்கின்றது. இதற்கு எண்ணறிவு விளையாட்டு என்று பெயர்! மதுரையிலும் நெல்லையிலும் மின்விசிறியின்கீழ் அமர்ந்திருக்கும் அக் குழந்தை வெண்பனி பொழியக் கண்டதில்லை. அதன் பாட்டனும் பாட்டியும் கண்டதில்லை. உதகையிற்கூடக் குளிர்நாள் விடியலில் புல்நுனியில் உறைபனி படியுமேயன்றி, உருட்டிப் பொம்மை செய்யுமளவு பனி பொழிவதில்லை.

இவ் விளையாட்டு தன் பிறந்த மண்ணில் பழுதுடையதன்று. கனடாவிலும் நார்வேயிலும் கதவைத் திறந்தால் பனி. குழந்தை தன் கையாலேயே மூன்று உருண்டை உருட்டி அடுக்குகின்றது. ஆதலின் மூன்றை அறிகின்றது. கையுறைகளை இணையிணையாகக் களைந்து வைக்கின்றது. ஆதலின் இரண்டிரண்டாய் எண்ணுகின்றது. நீரின் நுண்கூறுகள் உறையுங்கால் அறுகோண ஒழுங்கில் இணைவதால் பனித்துகள் ஆறு கை விரிக்கின்றது. அதை மேற்சட்டையின்மேல் ஏந்திப் பார்த்து ஆறினை அறிகின்றது. ஆங்குள்ள ஆசிரியர் தம் முற்றத்துப் பொருளை எடுத்துத் தம் குழந்தைக்குக் கணக்குச் சொல்கின்றார். அதுவே நன்முறை. இங்குள்ளோர் அந் நன்முறையைக் கொள்ளாது, அவர் முற்றத்துப் பொருளை மட்டும் இறக்கிக்கொண்டனர். விளக்கை விட்டுவிட்டு அதன் நிழலை வாங்கி வந்த வாணிகம் அன்றோ இது!

எண்ணறிவு என்பது 5 என்னும் வடிவத்தை அடையாளங் காட்டுவது மட்டுமன்று. அளவு, பெயர், குறி ஆகிய மூன்றும் உள்ளத்தே ஒன்றாய்ப் பிணைவதே அது. கெல்மன், காலிசுடல் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் இருவர் 1978-இல் வெளியிட்ட நூலில், எண்ணுதற்குரிய நெறிகள் ஐந்தென வகுத்தனர்: ஒரு பொருட்கு ஒரே எண்பெயர், எண்பெயர் வரிசை பிறழாமை, இறுதியிற் சொன்ன எண்ணே தொகை, எப்பொருளையும் எண்ணலாம், எம்முனையிலிருந்தும் எண்ணலாம்.

"எப்பொருளையும் எண்ணலாமெனின், பனிப்பொம்மையை எண்ணினால் என்ன கேடு?" என வினவுவார் உளர். எப்பொருளையும் எண்ணலாம் என்பது குழந்தை சென்றடைய வேண்டிய இடம். புறப்படும் இடமோ அதன் கைக்கெட்டும் பொருள். பொருளும் அயல், பொருளின் பெயரும் அயல், எண்ணின் பெயரும் அயல் என்றால், மூன்று சுமையை ஒருங்கே ஏற்றிய பிஞ்சு எதைத்தான் கற்கும்? பனிநாட்டைக் கதையிற் கேட்டு மகிழட்டும். படத்திற் கண்டு வியக்கட்டும். அதனை எவரும் தடுக்கவில்லை. கணக்கின் முதற்படியாக அதனை வைப்பதே பிழை.

தமிழனுக்குப் பனிக்காலம் இல்லையா? ஆண்டை ஆறு பொழுதாகப் பகுத்து, அவற்றுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி என்றே பெயரிட்ட இனம் இது! சிலைத் திங்களாகிய மார்கழியும் அடுத்துவரும் தையும் முன்பனிக்குரியன. அம் முன்பனி விடியலில் தமிழ் வீட்டு வாயிலே ஓர் எண்பள்ளி. 1, 3, 5, 7, 5, 3, 1 என நேர்ப்புள்ளி வைத்தால் 25 புள்ளி. இடுக்குப்புள்ளியாக 4, 5, 6, 7, 6, 5, 4 என வைத்தால் 37 புள்ளி. அதன் வடிவோ அறுகோணம்! பனித்துகளில் வெள்ளைக்காரக் குழந்தை காணும் அதே ஆறு பக்கத்தைத் தமிழ்க் குழந்தை தன் தாயின் கோலத்திலே காணலாம். கோலத்தின் நடுவே வைக்கும் சாணியுருண்டை ஒவ்வொன்றிற்கும் ஒரு பூசணிப்பூ: ஒன்றுக்கொன்று என்னும் முதல் நெறி அங்கே கண்முன் நிற்கின்றது. மொச்சைக்காயை உரித்தால் உள்ளே எத்தனை? பொங்கற் கரும்பில் கணு எத்தனை? இவையெல்லாம் விலையில்லாப் பாடங்கள்.

உள்ளே வந்தால் பல்லாங்குழி. ஒரு பக்கம் ஏழாகக் குழி 14. குழிக்கு ஐந்தாக இட்டால் முத்து 70. குழிதோறும் ஒவ்வொன்றாய் இட்டுச் செல்லும் விரல், வாய்க்கு முன்னே எண்ணக் கற்கின்றது. வெற்றுக்குழியில் சேர்ந்து நான்கானதும் 'பசு' என்று அள்ளும் குழந்தை, எண்ணாமலே நான்கைக் கண்ணால் அறிகின்றது. கைக்குள் புளியங்கொட்டையை மூடி 'ஒற்றையா இரட்டையா' கேட்கும் ஆட்டத்திற்கு ஈடான அச்சுத்தாள் உண்டோ?

மொழியும் துணைநிற்கின்றது. பதினொன்று என்றதும் பத்தும் ஒன்றும் செவியில் விழுகின்றன. 'இலெவன்', 'டுவெல்வ்' என்பவற்றில் பத்து எங்கே? 'தெர்ட்டீன்' முதலியவற்றிலோ ஒன்றினிடம் முன்னும் பத்தினிடம் பின்னுமாகத் தலைகீழாய் நிற்கின்றன. தமிழிலும் தொண்ணூறு போன்ற அரிய சில உள; அவற்றிற்கும் தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் விதி வகுத்தே சென்றார்.

இழப்பு கணக்கோடு நிற்பதன்று. பனிப்பொம்மைத் தாளை ஏந்தி வரும் பெயரனுக்குப் பாட்டியால் உதவவியலாது. எழுபது முத்தையும் விரலால் ஆண்டவள், 'எனக்கு ஒன்றும் தெரியாதப்பா' என்று ஒதுங்குகின்றாள். தன் வீட்டார் அறிவற்றவர் என்பதே அக் குழந்தை கற்கும் முதற் கணக்கு! இக் கொடுமைக்குக் கட்டணமும் கட்டுகின்றனரே பெற்றோர்!

தமிழ்ப் பெற்றோரே! இம் முன்பனியில் பல்லாங்குழிப் பலகையைப் பரணிலிருந்து இறக்குங்கள். கோலப்பொடியைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். ஒன்று, இரண்டு என்று தாய்மொழியில் எண்ணச் சொல்லுங்கள். பள்ளிக்குச் சென்று, 'எம் குழந்தைக்கு எம் மண்ணின் பொருளால் எண் கற்பியுங்கள்' என்று கேளுங்கள். பஞ்சுப் பனி உருகாது. பெற்றோர் கேட்டால்தான் அகலும்!