பிறந்த இடம் தீர்மானிக்கும் உயிர்

தொப்புளுக்கு வலப்பக்கம் உள்ள ஒரு துளை வழியே குடல் வெளியே சரிந்த நிலையில் சில குழந்தைகள் பிறக்கின்றன. மருத்துவர்கள் இதை ‘கேஸ்ட்ரோஸ்கைசிஸ்’ என்பார்கள். பெற்றவர்களை உலுக்கிவிடும் காட்சி அது. ஆனால், இக்குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இதயமும் மூளையும் நன்றாகவே இருக்கும். குடலை உள்ளே வைத்து மூடி, அது வேலை செய்யத் தொடங்கும்வரை காப்பாற்றிவிட்டால் மற்ற பிள்ளைகளைப் போலவே வளர்வார்கள். குடலும் கல்லீரலும் சவ்வுப் பைக்குள் துருத்தி நிற்கும் ‘ஓம்பலோசீல்’ வேறு வகை. அதில் இதயக் குறைபாடுகளும் குரோமோசோம் கோளாறுகளும் சேர்ந்து வருவது அதிகம்.

2021-இல் ‘லான்செட்’ இதழில் 74 நாடுகளின் 264 மருத்துவமனைகளை உள்ளடக்கிய ஆய்வு ஒன்று வெளியானது. கேஸ்ட்ரோஸ்கைசிஸ் குழந்தைகளில் இறந்தவர்கள் பணக்கார நாடுகளில் 1.4%, நடுத்தர வருமான நாடுகளில் 31.9%, ஏழை நாடுகளில் 90%. இவர்கள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டுமே. வழியிலேயே இறந்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

இந்த இடைவெளிக்கு அறுவை சிகிச்சை நிபுணரின் கைத்திறனைக் காரணமாகச் சொல்வது பிழை. ஈரமான குடல் திறந்து கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் குழந்தையின் உடல் சூட்டையும் நீரையும் இழக்கிறது. தூய்மையான பிளாஸ்டிக் உறையால் மூடி, வலப்பக்கமாகப் படுக்கவைத்து, வயிற்றுக்குள் குழாய் செலுத்தி, டிரிப்ஸ் ஏற்றி, சூடு குறையாமல் அனுப்ப வேண்டும். பிரசவ அறைச் செவிலியர் செய்யக்கூடிய வேலைதான் இது. குடல் ஒரேயடியாக உள்ளே போகாவிட்டால், ‘சைலோ’ என்ற சிலிக்கோன் பைக்குள் வைத்துச் சில நாட்களில் மெல்ல உள்ளே இறக்கலாம்.

கடினமான கட்டம் அதன்பிறகுதான். வீங்கிய குடல் வாரக்கணக்கில் பாலை ஏற்காது. அதுவரை ரத்தக்குழாய் வழியே முழு உணவையும் செலுத்த வேண்டும். அமெரிக்காவில் ஸ்டான்லி டட்ரிக் குழுவினர் 1960-களின் இறுதியில் இந்த முறையை நிலைநாட்டும்வரை, குடலை மூடிய பிறகும் குழந்தைகள் பட்டினியால் இறந்தார்கள். இன்றும் அந்தக் கரைசல் கிடைக்காத ஊர்களில் அதே சாவுதான். கிடைக்கும் இடத்திலும், ஊசிக் குழாயைத் தொடும் கை சுத்தமாக இல்லாவிட்டால் கிருமித் தொற்று உயிரைப் பறிக்கும். ஒரு செவிலியர் எத்தனை பச்சிளங்குழந்தைகளைக் கவனிக்கிறார் என்பதை நான் முதலில் கேட்பது அதனால்தான்.

இங்கே நம் கொள்கையில் ஓர் ஓட்டை தெரிகிறது. 2013-இல் மத்திய அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. சிறார் நலத் திட்டம் பட்டியலிட்ட ஒன்பது பிறவிக் குறைபாடுகளில் உதட்டுப்பிளவு, வளைபாதம், இதயக் குறைபாடு எல்லாம் உண்டு. வயிற்றுச் சுவர்க் குறைபாடு இல்லை. இதைச் சேர்க்க வேண்டும். ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே இது பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரிந்ததும், குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பெயர் பதிய வேண்டும். இதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. கிரகணத்தில் வெளியே போனாள் என்று தாயைக் குற்றம் சொல்லும் வீட்டாரிடம், அவள் மீது எந்தத் தவறும் இல்லை என்று அந்த ஸ்கேன் அறையிலேயே மருத்துவர் உரக்கச் சொல்லட்டும்.