கெடு யாருக்கு?

பரளச்சியில் போடுகிற ஓட்டு திருச்சுழி தொகுதிக்குப் போய்ச் சேரும். அங்கே ஜெயித்தவர் சென்னையில் 234 பேரில் ஒருவராக உட்கார்ந்து சட்டம் போடுவார். ஆனால் சட்டமன்றம் இஷ்டம்போல் நடந்துவிட முடியாது. அரசியலமைப்புச் சட்டம் அதற்குக் கெடு மேல் கெடு வைத்திருக்கிறது.

ஆயுள் 5 வருடம் (பிரிவு 172). ஒரு கூட்டத்தொடருக்கும் அடுத்ததற்கும் நடுவே 6 மாதம் ஆகிவிடக் கூடாது (174). உறுப்பினர் அனுமதியில்லாமல் 60 நாள் வராவிட்டால் பதவியே பறிபோகலாம் (190). அவசரச் சட்டம் போட்டால், சபை கூடிய 6 வாரத்தில் அது காலாவதி (213). நல்லதுதான். மக்கள் பிரதிநிதிக்கும் கடிவாளம் வேண்டும்.

சபை நிறைவேற்றிய மசோதா ஆளுநர் மேசைக்குப் போனபிறகு கெடு எங்கே? பிரிவு 200-ஐப் புரட்டிப் பாருங்கள். திருப்பி அனுப்புவதானால் "கூடிய விரைவில்" அனுப்ப வேண்டுமாம். கூடிய விரைவு என்றால் எத்தனை நாள்? அதற்கு அங்கே பதில் இல்லை.

நடந்ததைப் பாருங்கள். பல்கலைக்கழகங்கள் தொடர்பான மசோதாக்கள் ராஜ்பவனில் தேங்கின. அதில் பழையது 2020 ஜனவரியில், அ.தி.மு.க. ஆட்சியில் நிறைவேறியது! தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போனபிறகுதான், 2023 நவம்பர் 13-ல், 10 மசோதாக்களை ஆளுநர் ஆர்.என்.ரவி திருப்பினார். 5 நாளில் சபை கூடி மறுபடி நிறைவேற்றியது. அப்படி வந்தால் ஒப்புதலை நிறுத்தக் கூடாது என்பது அதே பிரிவு 200. அவரோ ஜனாதிபதிக்கு அனுப்பிவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை.

அது சட்டவிரோதம், 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றவையே என்று 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜனாதிபதி கேட்ட விளக்கத்துக்கு நவம்பர் 20-ல் 5 நீதிபதிகள் வேறு பதில் சொன்னார்கள். நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது. காரணமில்லாமல் இழுத்தடித்தால் "ஒரு முடிவெடுங்கள்" என்று மட்டும் சொல்லலாம்.

கெட்ட சட்டம் வந்துவிட்டால் தடுக்க ஆள் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். ஆளுநர் குறை சொல்லித் திருப்பி அனுப்பட்டும். அரசியலமைப்புக்கு விரோதமான சட்டத்தை ரத்து செய்ய நீதிமன்றம் இருக்கிறது. திருப்பி அனுப்பினால் சபை பதில் சொல்லும். பூட்டி வைத்தால் யாருக்குப் பதில் சொல்வது? தடுப்பது வேறு, உட்கார்ந்து கொள்வது வேறு.

நாள் குறிப்பது புதிய யோசனையும் இல்லை. நாடாளுமன்ற மசோதாக்களை ஜனாதிபதி 6 வாரத்துக்குள் திருப்ப வேண்டும் என்றுதான் அரசியலமைப்பு வரைவில் இருந்தது. 1949-ல் அதை எடுத்துவிட்டு "கூடிய விரைவில்" என்று போட்டார்கள். எச்.வி.காமத் அப்போதே எதிர்த்தார். அமெரிக்க ஜனாதிபதிக்கு ஞாயிறு நீக்கி 10 நாள். பாகிஸ்தானில் மாகாண ஆளுநருக்கும் 10 நாள். சபை மறுபடி நிறைவேற்றியதற்கு 10 நாளில் ஒப்புதல் தராவிட்டால் தந்ததாகவே அர்த்தம்.

நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. இனி நாடாளுமன்றம்தான் பிரிவு 200-ஐத் திருத்தி ஒரு எண்ணை எழுத வேண்டும். ஓட்டு வாங்கி வந்தவருக்கு 60 நாள் கணக்கு உண்டு. ஓட்டே வாங்காதவருக்கும் ஒரு கணக்கு வேண்டாமா?