பொருளை யார் கையில் ஒப்படைப்பது?

இணையத்தில் கடை திறப்பதற்கு இன்று இடமும் வேண்டா, பெருமுதலும் வேண்டா. கல்லூரியில் பயிலும்போதே ஆடையோ அத்தரோ விற்க முனையும் இளைஞர் பெருகி வருகின்றனர். நாளொன்றுக்குப் பத்துப் பார்சல் என்றால் வீட்டார் கூடிக் கட்டி அனுப்பிவிடலாம். அது இருநூறாகப் பெருகும்போது, சரக்கைக் காத்து, கேட்டதை எடுத்து, கட்டி, வாங்கியவர் வாசலுக்கு அனுப்பும் பணியைப் பிறிதொரு நிறுவனத்திடம் விட நேர்கிறது. குறைந்த கூலி கேட்பவரே நல்லவர் என்னும் எண்ணம் வணிகர் பலரிடம் உண்டு. அது பிழையான அளவுகோல் என்பதே என் கருத்து.

அமெரிக்காவின் பெயர்பெற்ற பொம்மை வணிக நிறுவனமான டாய்ஸ் ஆர் அஸ், 1999ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில், இணையவழி வந்த ஆணைகள் பலவற்றை உரிய நாளில் சேர்க்க இயலாது தவித்தது. பண்டிகை கழிந்தபின் வரும் பொம்மையால் குழந்தைக்குப் பயன் யாது? மறு ஆண்டு, அந்நாட்டு வணிக ஆணையம் அந்நிறுவனம் உள்ளிட்ட ஏழு இணையக் கடைகளிடம் மொத்தம் 15 இலட்சம் டாலர் தண்டம் பெற்றது. பட்ட பாட்டுக்கு மருந்தாக, 2000 ஆகஸ்டில் அது அமேசானோடு பத்தாண்டு உடன்படிக்கை செய்துகொண்டது. பொம்மைகளைத் தெரிந்து வாங்குவது இவர்கள் பொறுப்பு; தளம், கிடங்கு, அனுப்புதல், வாடிக்கையாளர் குறைகேட்டல் ஆகிய அனைத்தும் அவர்கள் பொறுப்பு.

அனுப்பும் திறனில் அமேசானுக்கு நிகர் அரிது. முறிவு வேறிடத்தில் நேர்ந்தது. தமக்கே உரியதென எண்ணிய தளத்தில் பிறர் பொம்மைகளும் விற்கப்படுவதாக 2004இல் டாய்ஸ் ஆர் அஸ் வழக்குத் தொடுத்தது. 2006இல் நியூ ஜெர்சி நீதிமன்றம் உடன்படிக்கையை முறித்துக்கொள்ள இசைந்தது. வென்றவர்கள் தம் இணையக் கடையைத் தனியே நிறுவ வேண்டியதாயிற்று. 2017இல் அந்நிறுவனம் திவால் மனு அளித்ததற்குக் கடன்சுமையே முதற்காரணம். எனினும், இணைய வணிகத்தைத் தம் கையால் பழகவேண்டிய ஆண்டுகளைப் பிறரிடம் விட்டதும் அவர்களை மெலிவித்தது என்றே கருதுகிறேன்.

ஆகவே, கிடங்கு வேலையைக் கொடுக்கலாம். வாடிக்கையாளரைக் கொடுத்தல் ஆகாது. வாங்கியவர் முகவரியும், அவர் சொல்லும் குறையும் வணிகர் கையிலேயே இருத்தல் வேண்டும்.

கூலிக் கணக்கிலும் கண் வேண்டும். கூரியர் நிறுவனங்கள் பல, நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் எண்ணையும் கிலோவாகக் கொள்கின்றன. 30க்கு 25க்கு 20 அளவுள்ள பெட்டியில் ஒரு கிலோ தலையணை சென்றாலும், கட்டணம் மூன்று கிலோவுக்கே! பெட்டியைத் தெரிவு செய்பவர் கிடங்குக்காரர். பணம் கட்டுபவர் நாம். வாசலில் பணம் பெறும் முறையில் வாங்க மறுத்துத் திரும்பிய பொருளுக்குப் போகவர இருவழிச் செலவும் பெரும்பாலும் நம்முடையதே. இவை முதல் விலைப்பட்டியலில் கண்ணில் படா.

சட்டமும் முழுக் காவல் அன்று. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151, 152ஆம் பிரிவுகளின்படி, ஒப்படைத்த பொருளை இயல்பான அறிவுடையோன் தன் பொருளைக் காப்பதுபோல் காத்தால் போதும். அதன்பின் தீயிலோ வெள்ளத்திலோ அழிந்தால், தனி உடன்பாடு இல்லாதவழி, இழப்பு உடையவர்க்கே. காப்பீடு யார் பெயரில் என்பதைக் கையெழுத்துக்கு முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். ஆராய்ந்து நம்புதல் ஒன்று. நம்பியவரிடம் வேலையைப் பகுத்துக் கொடுத்தல் மற்றொன்று. நம் வணிகர் முன்னதை ஒரு தேநீரோடு முடித்துவிடுகின்றனர்! சரக்கில் சிறு பகுதியை மட்டும் முதலில் அனுப்பி, உறவினர் முகவரிகளுக்கு நாமே ஆணையிட்டு, பெட்டி எந்நிலையில் வருகிறதெனப் பிரித்துப் பார்க்கலாம். மாதந்தோறும் சரக்கை நேரில் எண்ண இசைவாரா, விலகினால் எத்தனை நாளில் சரக்கைத் திருப்பித் தருவார் என்று எழுத்தில் கேட்கலாம். இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் கிடங்குக்காரர் பொதிக்கு ஐந்து ரூபாய் குறைத்தாலும், அவரிடம் என் சரக்கை இறக்கமாட்டேன்.