மலைமேல் ஐப்பசி

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால், சமவெளியில் இருக்கும் நமக்கு வானிலை அறிக்கை என்பது குடை எடுப்பதா வேண்டாமா என்ற யோசனையோடு முடிந்துபோகிற விஷயம். நீலகிரியில் சரிவின் கீழே குடியிருப்பவர்களுக்கு அப்படியல்ல. இன்றிரவு வீட்டில் படுப்பதா, அல்லது குழந்தைகளை அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடக் கட்டிடத்துக்குப் போவதா என்ற கேள்விக்கு அந்த அறிக்கை அவர்களுக்கு விடை சொல்லியாக வேண்டும். விடுமுறைக்கு உதகை போகலாமா என்று ஆலோசித்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கும் இதில் பிரயோஜனம் உண்டு என்பதால், இவ்வாரம் அந்த மலையின் வானத்தைக் கொஞ்சம் கவனிப்போம்.

அறிக்கை பெரும்பாலும் ஒரே வரிதான்: நீலகிரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும் என்பது. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் சுமார் 6.5 சென்டிமீட்டருக்கு மேல்; 11.5-ஐத் தாண்டினால் மிகக் கனமழை; 20-ஐயும் தாண்டினால் அதிகனமழை. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த 'ஓரிரு இடங்கள்' எவை என்பதல்லவா மலைவாசிக்குத் தெரியவேண்டும்?

பெயர் ஒன்றாயினும் நீலகிரிக்கு வானம் இரண்டு. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று வீசும்போது கூடலூர், தேவாலா, அவலாஞ்சிப் பக்கந்தான் நனையும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டு 8-ந் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. சென்னைப் பட்டணம் வருஷம் முழுவதும் பெறுகிற மழையில் பாதிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்! ஐப்பசியில் முறை மாறிவிடுகிறது. வங்காளக் குடாக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேட்டுப்பாளையம் கடந்ததும் மலைச்சுவரில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, சுமந்து வந்த நீரைக் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் இறக்கிவிடுகிறது. நடுவே 2,637 மீட்டர் உயரத்தில் தொட்டபெட்டா நிற்கிறது. அதற்குக் கிழக்கே கொட்டுகிற நாளில் மேற்கே கூடலூரில் வெயில் அடித்தாலும் ஆச்சரியமில்லை.

ஆகையால், ஐப்பசி வாரத்தில் நீலகிரி என்று அறிக்கையில் கண்டால், முதலில் கிழக்குச் சரிவை நினைத்துக்கொள்வது நலம். அடுத்தபடியாக, நாளைக்கு எவ்வளவு பெய்யும் என்பதைக் காட்டிலும், இதுவரை எவ்வளவு பெய்திருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். நமது அபிப்பிராயத்தில் இதுதான் முக்கியம். செய்தி சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவதும் இதுதான். மலையின் மேல்மண் ஆழமானது. நாலைந்து நாள் தொடர்ந்து பெய்தால் நீரைக் குடித்துக் குடித்துக் கனத்துவிடும். அதன் பிடிப்பும் தளர்ந்துவிடும். பிறகு சாதாரண மழை ஒன்று போதும். ரஸ்தாவுக்காகவும் வீட்டுக்காகவும் செங்குத்தாக வெட்டிவிட்ட சரிவு, பழைய ஓடையை மூடிக் கட்டிய இடம் இவைதான் முதலில் இறங்குகின்றன. 2009 நவம்பர் இரண்டாம் வாரத்தில் அப்படித்தான் நடந்தது. நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பலரை உறங்கிக்கொண்டிருந்த வீடுகளிலேயே மண் மூடிற்று.

மலை முன்கூட்டிச் சொல்லாமலும் இருப்பதில்லை. சுவரில் புது விரிசல் காணும், நேற்று வரை சரியாகச் சாத்திய கதவு இன்று இடிக்கும், கம்பங்கள் சாயும், தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று கலங்கும், அல்லது நின்றுபோகும். இவற்றில் ஒன்றைக் கண்டவர்கள் அறிக்கையின் நிறத்துக்காகக் காத்திராமல் வெளியேறிவிட வேண்டியதுதான்.

நிறம் என்றோமே, அதையும் சொல்லிவிடுகிறோம். மஞ்சள் என்றால் கவனமாயிரு. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாயிரு. சிவப்பு என்றால் உடனே செய்ய வேண்டியதைச் செய். ஏழு நாளைக்கு முன்கணிப்புச் சொல்கிறார்கள். முதல் மூன்று நாளை நம்பிக் காரியம் செய்யலாம். மீதியைத் தூரத்துச் சொந்தக்காரர் வருவதாக எழுதிய கடிதம் போல் பாவித்தால் போதும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலை ரயில் சுமார் 46 கிலோமீட்டர் போகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பாறையும் மண்ணும் விழுந்து அது நின்றுபோவது ஐப்பசி, கார்த்திகையில் சகஜம். நாம் ஒரு சமயம் பஸ்ஸில் கிளம்பிப் பர்லியாறு அருகே மாலை மூன்று மணியிலிருந்து இரவு வரை மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எதிரே மரம் விழுந்திருந்தது. கையோடு கொண்டுபோன முறுக்குப் பொட்டணம் அன்று அடைந்த மரியாதையை அதற்கு முன்னும் பின்னும் அடைந்ததில்லை.

மழை இரண்டு நாள் விட்டு வானம் வெளுத்தால் வேறு சங்கதி. மேகப் போர்வை போனவுடன் பூமியின் சூடு இரவில் ஓடிவிடும்; குளிர்காற்று கனமாகையால் சரிந்து பள்ளத்தாக்குகளில் தங்கும். மேட்டைவிடப் பள்ளத்தில் விடியற்காலைக் குளிர் அதிகமாயிருப்பது இதனால்தான். கார்த்திகை வாக்கில் அங்கே உறைபனி தொடங்கும். தேயிலைக் கொழுந்து கருகும் என்று தோட்டக்காரர்கள் கவலைப்படுவார்கள்.

விடுமுறைப் பிரயாணிகளுக்கு ஒரு வார்த்தை. மூன்று நாளாகப் பெய்து, நாளைக்கு ஆரஞ்சு என்றும் கண்டால், ரயில் டிக்கெட்டுப் பணம் போனால் போகட்டும், பிரயாணத்தை ஒத்திப்போடுங்கள். ஏற்கெனவே மேலே போய்விட்டவர்கள் இரவில் மலைப்பாதையில் இறங்க வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் டெலிபோன் எண் 1077.