சோன்பத்ராவில் கிடைத்தது 3,000 டன் தங்கமா, 160 கிலோவா? குழப்பம் எங்கே தொடங்கியது?

உத்தரப் பிரதேசத்தின் சோன்பத்ரா மாவட்டத்தில் 3,000 டன்னுக்கு மேல் தங்கம் கிடைத்துவிட்டது என்று 2020 பிப்ரவரியில் மாவட்ட அதிகாரிகள் சொல்ல, நாடே துள்ளியது. நாட்டின் தங்கக் கையிருப்பைப்போல ஐந்து மடங்கு என்ற கணக்கும் கூடவே பரவியது. பிப்ரவரி 22 அன்று இந்திய புவியியல் ஆய்வு மையம் அதை மறுத்தது. எடுக்கக்கூடிய தங்கம் சுமார் 160 கிலோதான்!

நம்மூர் கணக்கில் 20,000 சவரன்.

உண்மையில் இது புதுக் கண்டுபிடிப்பே இல்லை. 1998 முதல் 2000 வரை நடந்த ஆய்வு. சோன் பஹாடி குன்றில் தங்கம் தெரிந்த பாறைப் பட்டையின் நீளம் வெறும் 170 மீட்டர். அதில் மதிப்பிடப்பட்ட தாதுப்பாறை 52,806 டன். ஒரு டன் பாறைக்குச் சராசரியாக 3.03 கிராம் தங்கம். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் அந்த 160 கிலோ. டன் கணக்கில் இருப்பது பாறை, தங்கம் அல்ல. ஒரு சவரன் எடுக்கவே இரண்டரை டன்னுக்கு மேல் பாறையை வெட்டி, உடைத்து, மாவாக அரைக்கணும்.

அந்த 3.03 கிராமும் தற்காலிக மதிப்பீடுதான். ஏன்? பூமிக்கடியில் பாறை வெடிப்புகள் வழியே ஏறிய சூடான நீர்மம், குவார்ட்ஸ் நரம்புகளோடு சேர்த்துத் தங்கத்தையும் படிய வைத்துவிட்டுப் போகும். ஆனால் சீராகப் படியாது. ஒரு துளையில் நல்ல தங்கம் வரும்; சற்றுத் தள்ளித் துளையிட்டால் வெறும் கல். அதனால் நெருக்கமாகத் துளையிட்டால்தான் கணக்கு உறுதியாகும். ஆய்வில் ஜி4 முதல் ஜி1 வரை நான்கு கட்டங்கள் உண்டு. சோன் பஹாடி ஜி3, அதாவது இரண்டாவது படியிலேயே நிற்கிறது.

தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய கோலார் சுரங்கமே 2001இல் மூடப்படும்வரை, சுமார் 120 ஆண்டுகளில் கொடுத்தது ஏறக்குறைய 800 டன்தான். 170 மீட்டர் பட்டையில் 3,000 டன் என்றபோதே யாராவது ஒருவர் கால்குலேட்டரைத் தட்டியிருக்கலாம்.

தலைப்புச் செய்தி மறுநாள் மாறிவிடும். குன்றைச் சுற்றி வாழும் பழங்குடி மக்களுக்கு அப்படியில்லை. ரிஹந்த் அணைக்காகவும், பிறகு நிலக்கரிச் சுரங்கங்களுக்காகவும், அனல் மின் நிலையங்களுக்காகவும் நிலத்தை இழந்த மாவட்டம் இது. டன் கணக்கில் தங்கம் என்று செய்தி வந்ததுமே அவர்கள் கேட்டது ஒன்றுதான்: எங்களை எப்போ கிளம்பச் சொல்வாங்க?